புது ரவுட்டர் வாங்கினால் கடைசி அறைக்கும் வைஃபை எட்டுமா?

கடைசி அறையில் வைஃபை எடுக்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “நல்ல ரவுட்டரா வாங்கிப் போடு.” எது நல்ல ரவுட்டர் என்று கேட்டால், பேச்சு ஆண்டெனா எண்ணிக்கையில் போய் நிற்கும். ஆறு கொம்பு முளைத்த பெட்டி வீட்டுக்கு வரும். கூடத்தில் வேகம் கூடும். கடைசி அறையில் பழைய கதையே தொடரும். பெட்டியைக் குறை சொல்ல முடியாது. வேகம் ஒரு சங்கதி, எட்டும் தூரம் வேறொரு சங்கதி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் காசு வீணாகிறது. சிக்னல் எப்படிப் போகிறது, எங்கே செத்துப்போகிறது என்று புரிந்துவிட்டால், என்ன வாங்க வேண்டும், எதுவும் வாங்கத்தான் வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

இன்டர்நெட் வேறு, வைஃபை வேறு

தெருக்குழாயிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவது ஒரு பாதை. தொட்டியிலிருந்து அறைகளுக்கு இறங்குவது இன்னொரு பாதை. தொட்டிக்கே சொட்டுச் சொட்டாக வந்தால், வீட்டுக்குள் எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் பயனில்லை. இன்டர்நெட் இணைப்பு முதல் பாதை. வைஃபை இரண்டாவது பாதை: வீட்டுக்குள் ரேடியோ அலைகளால் தகவலைக் கடத்தும் ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, எந்தத் தகவல் எந்தக் கருவிக்கு என்று பிரித்து அனுப்புவது ரவுட்டர்.

கோளாறு எந்தப் பாதையில் என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். மூன்று அளவு எடுத்தால் தெரிந்துவிடும். முதலில் லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்து வேகச் சோதனை செய்யுங்கள். அடுத்து கேபிளைக் கழற்றிவிட்டு, அதே அறையில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து வைஃபையில் அளந்து பாருங்கள். கடைசியாகத் தகராறு செய்யும் அறையில். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து, நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேபிளிலேயே வேகம் குறைந்தால், கோளாறு வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கலாம், அல்லது ரவுட்டரிலேயே இருக்கலாம். ஒரு குறிப்பு இங்கே உதவும். நீங்கள் எடுத்திருக்கும் திட்டம் 200 அல்லது 300 மெகாபிட்டாக இருந்தும், கேபிளில் சரியாக 94-க்குப் பக்கத்திலேயே எண் முட்டிக்கொண்டு நின்றால், ரவுட்டரிலோ லேப்டாப்பிலோ இருப்பது 100 மெகாபிட் போர்ட் (கேபிள் செருகும் துளை). இல்லையென்றால் கேபிளில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது. லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. ஒரு கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்கு நான்கும் வேண்டும். இரண்டு ஜோடி மட்டும் உயிரோடு இருந்தால் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட எளிது.

கேபிளில் நன்றாக வந்து, ரவுட்டர் இருக்கும் அறையில் வைஃபை மந்தமாக இருந்தால் ரவுட்டர் பழையதாக இருக்கலாம், அல்லது சேனல் (அலைவரிசைக்குள் வைஃபை ஓடும் தடம்) நெரிசலாக இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து கடைசி அறை மட்டும் படுத்தால், அது எட்டும் தூரத்தின் பிரச்சினை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மூன்றாவது வகையைப் பற்றியது.

சிக்னல் எங்கே தேய்கிறது

இருட்டு வீட்டில் ஒரே ஒரு விளக்கு எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வெளிச்சம், தள்ளிப் போகப் போக மங்கல். வைஃபை அலையும் வெளிச்சமும் ஒரே இனம். இரண்டும் மின்காந்த அலைகள். ஒரு பெரிய வித்தியாசம்: வெளிச்சத்தைச் சுவர் முழுக்க நிறுத்திவிடும்; ரேடியோ அலையோ சுவரை ஓரளவு ஊடுருவும். ஓரளவுதான்.

எவ்வளவு என்று அளக்க டிபிஎம் என்ற அலகு இருக்கிறது. ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்து, அதற்கு மேலே கீழே சிக்னல் பலத்தைச் சொல்லும் எண் இது. வீட்டில் நீங்கள் பார்ப்பதெல்லாம் மைனஸ் எண்களாகவே இருக்கும். 3 குறைந்தால் பலம் பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. -30 என்றால் ரவுட்டரை ஒட்டி நிற்கிறீர்கள். -50 வரை அருமை. -67 வரை வீடியோ அழைப்பு தடுமாறாமல் ஓடும். -70-ஐத் தாண்டினால் திக்கும். -80-க்குக் கீழே இணைப்பு இருப்பதாகக் காட்டும், வேலை நடக்காது.

ஃபோனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் அவரவர் கணக்கு. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலி எதுவும் எண்ணைக் காட்டும். மேக் கணினியில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு வைஃபை ஐகானைக் கிளிக் செய்தால் ஆர்எஸ்எஸ்ஐ என்ற பெயரில் அதே எண் வரும். ஐஃபோனில் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியை நிறுவி, செட்டிங்ஸில் அதற்கான வைஃபை ஸ்கேனரை இயக்க வேண்டும்.

இனி கணக்கு. வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் 6 குறையும். ரவுட்டரிலிருந்து 1 மீட்டரில் -30 இருந்தால், 2 மீட்டரில் -36, 4-ல் -42, 8-ல் -48. எட்டு மீட்டர் தள்ளியும் இன்னும் அருமையான சிக்னல்தான் என்பதைக் கவனியுங்கள். தூரம் பெரிய எதிரி இல்லை. இப்போது நடுவில் ஒரு செங்கல் சுவர் வரட்டும்: தோராயமாக 8 போய் -56. அதற்கடுத்து ஒரு கான்கிரீட் சுவர்: 18 போனால் -74. முடிந்தது கதை. இந்த எண்கள் சுவரின் கனத்தையும் ஈரத்தையும் பொறுத்து மாறும் என்றாலும் வரிசை மாறாது. ஜிப்சம் பலகைத் தடுப்பு லேசாகத் தின்னும், செங்கல் அதைவிடக் கூடுதலாக, கம்பி கட்டிய கான்கிரீட் எல்லாவற்றையும்விடக் கூடுதலாக. இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு போன்ற உலோகப் பரப்புகள் அலையைத் திருப்பி அடித்துவிடும். தண்ணீர் அலையை உறிஞ்சும். மீன்தொட்டிக்குப் பின்னால் ரவுட்டர் வைப்பது சுவருக்குப் பின்னால் வைப்பதற்குச் சமம்.

சாய்வாகக் கடக்கும் சுவரும் ஒரு பொறி. 20 சென்டிமீட்டர் சுவரை நேராகத் துளைக்கும் அலை 20 சென்டிமீட்டர்தான் கடக்கிறது. அதே சுவரை ஓரமாகச் சரிந்து கடக்கும்போது 40, 50 சென்டிமீட்டர் கல்லுக்குள் போகிறது. பக்கத்து அறைதானே, ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்குப் பல வீடுகளில் விடை இதுதான்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: முதலில் கேபிளில் அளந்து இன்டர்நெட்டைச் சந்தேகத்திலிருந்து விடுவியுங்கள். பிறகு ஒவ்வொரு அறையிலும் டிபிஎம் எண்ணைக் குறியுங்கள். -67 என்பது எல்லைக்கோடு. சிக்னலைக் கொல்வது பெரும்பாலும் சுவர்.

ரவுட்டர் கத்தினால் மட்டும் போதாது

பொதுவாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். ரவுட்டரை ஒரு ஒலிபெருக்கி போல நினைக்கிறோம்: பெரிய ஒலிபெருக்கி வைத்தால் தொலைவில் இருப்பவருக்கும் கேட்கும். வானொலி நிலையத்துக்கு அது பொருந்தும்; வானொலிப் பெட்டி நிலையத்துக்குப் பதில் பேசுவதில்லை. வைஃபையோ உரையாடல். நீங்கள் வெறுமனே வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாலும், வந்து சேரும் ஒவ்வொரு தொகுதித் தகவலுக்கும் “கிடைத்தது” என்று ஃபோன் பதில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பதில் ரவுட்டர் காதில் விழாவிட்டால், அனுப்பியதையே அது திரும்ப அனுப்பும்.

ஃபோனின் குரல் சன்னமானது. சின்ன ஆண்டெனா, சின்ன பேட்டரி. மின்சாரத்தில் ஓடும் ரவுட்டரைவிடப் பெரும்பாலும் குறைந்த பலத்தில்தான் அது பேசும். எனவே ரவுட்டரின் குரலை மட்டும் உயர்த்தினால், தூர அறையில் ஃபோனுக்கு ரவுட்டர் நன்றாகக் கேட்கும், ரவுட்டருக்கு ஃபோன் கேட்காது. கோடு முழுசாக இருக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்ற புதிருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதற்கும் மேலாக, எவ்வளவு பலத்தில் அலை பரப்பலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. நாட்டுக்கு நாடு மாறும், ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 மில்லிவாட். மலிவான பெட்டியும் விலை உயர்ந்த பெட்டியும் அதே வரம்புக்குள்தான் பேச முடியும்.

அப்படியானால் நல்ல ரவுட்டரால் தூரத்துக்குப் பயனே இல்லையா? கொஞ்சம் உண்டு. நல்ல ரவுட்டருக்குக் காது கூர்மை. பல ஆண்டெனாக்களில் விழும் சன்னமான குரலைச் சேர்த்துக் கேட்கும். பேசும்போதும் அலையை ஃபோன் இருக்கும் திசையில் குவிக்க முயலும். இதற்கு பீம்ஃபார்மிங் என்று பெயர். இரண்டும் சேர்ந்து சில டெசிபெல், அதாவது டிபிஎம் எண்ணில் சில புள்ளிகள், தரும். -70-ஐ -66 ஆக்க அது போதும். -85-ஐக் காப்பாற்றப் போதாது.

ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. நேராக நிறுத்திய ஆண்டெனாவை அச்சாகவும், அதைச் சுற்றிக் காற்றடைத்த டயர் ட்யூபைச் சிக்னலாகவும் கற்பனை செய்யுங்கள். பக்கவாட்டில் பலம், நுனிக்கு நேர் மேலே பலவீனம். ஆண்டெனாவின் நுனியை அறையை நோக்கிக் குறிபார்த்து நீட்டினால் பலன் நேர்மாறாகும். ஒரே தளம் என்றால் எல்லாவற்றையும் செங்குத்தாக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கவையுங்கள். டிபிஐ (ஆண்டெனா சிக்னலை எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு) எண் கூடிய ஆண்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. அதே ட்யூபை நசுக்கித் தட்டையாக்குகிறது. பக்கவாட்டில் நீளும், மாடிக்குக் குறையும்.

2.4, 5, 6: எந்த அலைவரிசை?

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் குறைவு, 6-ல் சுமார் 5. அதிர்வெண் கூடக் கூடச் சுவருக்குள் இழப்பும் கூடும். அதனால் 2.4 தூரம் போகும், 5 வேகம் தரும், 6 ஏறக்குறைய அதே அறைக்கும் அடுத்த அறைக்கும் மட்டும்.

2.4-ல் இடம் குறைவு. ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. இடையில் இருக்கும் 3, 4, 8 போன்றவை காலியாகத் தெரிந்தாலும் அவற்றில் போய் உட்காராதீர்கள். இரண்டு பக்கத்து நெரிசலும் உங்களுக்கே வந்து சேரும். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 வைத்தால் பக்கத்து வீடுகளோடு மோதல் கூடும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான், ஆகவே அது ஓடும்போது மட்டும் இணைப்பு திக்கினால் காரணம் தெரிந்ததே. அவ்வளவாக வெளியே தெரியாத இன்னொரு ஆசாமி யூஎஸ்பி 3 வன்தட்டு. அதன் கேபிள் கசியும் இரைச்சல் சரியாக 2.4-ல் விழுகிறது. ரவுட்டரின் முதுகில் அதைச் செருகி வைத்திருந்தால், ஒரு நாள் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வீட்டுக்கு நல்ல நடுநிலை. அகலத்தை இரட்டித்தால் இரைச்சலும் இரட்டிக்கும். தூர அறைக்கு அது பாதகம். சேனல் 52 முதல் 144 வரை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் இடம். அங்கே ரவுட்டர் தொடங்கும் முன் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்; ரேடார் கேட்டால் உடனே வேறு சேனலுக்கு ஓடியாக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் திடீரென்று காணாமல்போய்த் திரும்பி வந்தால், 36 முதல் 48 வரையுள்ள சேனல்களுக்கு மாற்றிப் பாருங்கள்.

பெட்டியில் அச்சடித்த எண்கள்

“ஏசி1200” என்று போட்டிருந்தால் 2.4-ல் 300 மெகாபிட், 5-ல் 867, இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கிய கணக்கு. ஃபோன் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இருக்கும். அந்த 867-லும் பாதியை ஒட்டித்தான் நிஜத்தில் கைக்கு வரும்.

வைஃபை 4, 5, 6, 7 என்பவை தலைமுறைகள். புதிய தலைமுறை, பல கருவிகள் ஒரே நேரத்தில் பேசும்போது நேரத்தைச் சிக்கனமாகப் பங்கிடுகிறது. இது உண்மையான லாபம், ஏனென்றால் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மோசமான சிக்னலில் இருக்கும் ஒரு பழைய கருவி இழுத்து இழுத்துப் பேசினால் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஆனால் ரவுட்டர் வைஃபை 7 ஆக இருந்து ஃபோன் வைஃபை 5 ஆக இருந்தால் உரையாடல் 5-ல்தான் நடக்கும். உங்கள் ரவுட்டரில் 2.4 மட்டுமே இருந்தாலோ, போர்ட் 100 மெகாபிட்டாக இருந்தாலோ, பாதுகாப்பு அப்டேட் நின்றுபோயிருந்தாலோ தயங்காமல் மாற்றுங்கள். எட்டாத அறைக்காக மட்டும் மாற்றுவதாக இருந்தால், முதலில் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

குடத்திலிட்ட விளக்கு

ரவுட்டர் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கேபிள் வீட்டுக்குள் நுழைந்த மூலையில், டிவிக்குப் பின்னால், சில வீடுகளில் அலமாரிக் கதவுக்குள். குடத்திலிட்ட விளக்கு என்று நம் மொழியில் சொல்வது இதைத்தான். வெளிச்சத்தில் பாதி வெளிச்சுவர் வழியே தெருவுக்குப் போகிறது. மீதி டிவியின் உலோக முதுகில் மோதித் திரும்புகிறது.

வெளியிலிருந்து வரும் ஃபைபர் இழையை நகர்த்த வேண்டாம். அது முடியும் பெட்டி அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து நீளமான லேன் கேபிள் ஒன்றை இழுத்து, ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். கேட் 5ஈ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைத் தாங்கும். பத்துப் பதினைந்து மீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், திறந்த அலமாரித் தட்டில், உலோகத்திலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். நடைபாதையோ கதவுகள் திறக்கும் பக்கமோ அமைந்தால் இன்னும் நல்லது. மரக்கதவு சுவரைவிட எவ்வளவோ மேல். பிறகு அதே அறைகளில், அதே இடங்களில் நின்று டிபிஎம்மை மறுபடி குறியுங்கள். ஒரு கான்கிரீட் சுவர் வழியிலிருந்து விலகினாலே 15, 20 டெசிபெல் திரும்பக் கிடைக்கும். எந்த விலையுயர்ந்த பெட்டியும் இவ்வளவு தராது.

இன்னும் எட்டாவிட்டால், இரண்டாவது விளக்கு

எக்ஸ்டெண்டர் என்பது ரவுட்டர் சொன்னதைக் கேட்டு மறுபடி உரக்கச் சொல்லும் பெட்டி. ஒரே ரேடியோவால் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் ஒவ்வொரு தகவலும் காற்றில் இருமுறை போகிறது, வேகம் பாதியாகும். மக்கள் செய்யும் பெரிய தவறு, அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே செருகுவது. கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? சிக்னல் -60-க்கும் -65-க்கும் நடுவே இருக்கும் பாதிவழியில் செருகுங்கள்.

மெஷ் என்பது ஒரே பெயரில், ஒன்றோடொன்று பேசி வேலையைப் பங்கிடும் பெட்டிகளின் கூட்டம். பெட்டிகளுக்கு இடையேயான இணைப்புக்கு பேக்ஹால் என்று பெயர்; மெஷ்ஷின் தரம் முழுக்க அதில்தான் இருக்கிறது. காற்று வழியே என்றால் பேக்ஹாலுக்கென்று தனி ரேடியோ உள்ள மூன்று அலைவரிசை மாடல் நல்லது. பெட்டிகளுக்கு நடுவே ஒரு கான்கிரீட் சுவருக்கு மேல் இருந்தால் மெஷ்ஷும் தடுமாறும். கேபிளால் இணைக்க முடிந்தால் எல்லா மெஷ்ஷும் நன்றாக ஓடும்.

எல்லாவற்றிலும் உறுதியானது அக்சஸ் பாயின்ட்: ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்து, அந்த முனையில் வைஃபை பரப்பும் பெட்டி. சுவரைக் கேபிள் கடக்கிறது, ஆகவே அலைக்கு அந்த வேலையே இல்லை. வீட்டில் தூங்கும் பழைய ரவுட்டரே இதற்குப் போதும், 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால். அதன் செட்டிங்ஸ் மெனுவில் “அக்சஸ் பாயின்ட் மோட்” இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்தது. இல்லாவிட்டால் வரிசை முக்கியம்:

1. பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, லேப்டாப்பைக் கேபிளால் அதோடு மட்டும் இணைத்து, பிரவுசரில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறங்கள்.
2. வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூன்றையும் முதல் ரவுட்டரில் உள்ளபடியே கொடுங்கள். 2.4 சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்: அங்கே 1 என்றால் இங்கே 6 அல்லது 11.
3. அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் ஒரு கருவியின் அடையாள எண்) மாற்றுங்கள். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். முதல் ரவுட்டர் மற்ற கருவிகளுக்குப் பங்கிடும் முகவரிப் பட்டியலில் அந்த எண் இல்லாதபடி பாருங்கள். சேமித்ததும் பக்கம் நின்றுபோகும். புது முகவரியில் மறுபடி நுழையுங்கள்.
4. டிஹெச்சிபியை அணையுங்கள். கருவிகளுக்கு முகவரி பங்கிடும் பொறுப்பின் பெயர் அது. வீட்டில் ஒருவர்தான் பங்கிட வேண்டும். இருவர் பங்கிட்டால் சில கருவிகளுக்கு இன்டர்நெட் வரும், சிலவற்றுக்கு வராது.
5. முதல் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்குக் கேபிள் செருகுங்கள். வேன் போர்ட்டில் (இன்டர்நெட் இணைப்புக்கான துளை) செருகினால் இது தனி நெட்வொர்க்காகப் பிரிந்துகொள்ளும். டிஹெச்சிபியை அணைத்துவிட்டதால் அதில் இணையும் கருவிகளுக்கு முகவரி கிடைக்காது, இன்டர்நெட்டும் வராது.

எல்லாம் சரியாகச் செய்தும், கடைசி அறைக்குப் போனபின் ஃபோன் முதல் ரவுட்டரையே பிடித்துக்கொண்டு தொங்கலாம். எந்தப் பெட்டியோடு பேசுவது என்று கடைசியில் முடிவு செய்வது ஃபோன்தான், ரவுட்டர் இல்லை. கேட்கிறதே என்று -75-லும் அது முதல் ரவுட்டரை விடாது. அப்போது இரண்டு பெட்டிகளிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பலத்தை “மீடியம்” அல்லது “லோ” என்று குறையுங்கள். முதல் ரவுட்டரின் குரல் கடைசி அறையில் போதுமான அளவு மங்கினால், ஃபோன் தானாகவே பக்கத்தில் இருப்பதைத் தேடிப் போகும்.